கழுத்து வலியும் வளைந்த திரையும்

"அம்மா, பேசாம வேலையை விட்டுடலாம்னு இருக்கேன்."

மூத்தவள் இப்படிச் சொன்னபோது நான் ரசம் நுரை கூட்டி வருவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிரசவத்துக்கு வந்தவள், குழந்தைக்கு எட்டு மாதம் ஆகியும் எங்களோடுதான் இருக்கிறாள். கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே செய்யலாம் என்று அனுமதி கொடுத்திருக்கிறார்கள். கெடுபிடி இல்லாத நல்ல ஆபீஸ். அப்படியிருக்க ஏன் விட வேண்டும்?

"கழுத்தைத் திருப்பவே முடியலைம்மா. ராத்திரி பாப்பாவைத் தூக்கிப் பால் கொடுக்கறப்போ தோள்பட்டையெல்லாம் கடுக்குது. காலையில எழுந்தா தலைவலி."

அன்று மத்தியானம் அவள் அறிக்குள் போய் ஒரு அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்து பார்த்தேன். பதினாலு அங்குல லேப்டாப். இடது பக்கம் பில்கள், வலது பக்கம் லெட்ஜர், இரண்டையும் ஒப்பிட வேண்டும். அந்தச் சின்னத் திரையில் இரண்டும் ஒன்றாகத் தெரியாது. ஒன்றை மூடி ஒன்றைத் திறந்து, எண்ணை மனதில் வைத்துக்கொண்டு, மறுபடி மூடி... கழுத்து மட்டும் கொக்கு மாதிரி முன்னுக்கு நீண்டு குனிந்தபடியே இருந்தது. வலிக்காமல் என்ன செய்யும்?

பிஸியோதெரபிஸ்ட் அம்மாளிடம் அழைத்துப் போனேன். அவர் சில பயிற்சிகள் சொல்லிக்கொடுத்துவிட்டு, "திரை கண் மட்டத்துக்கு வரணும். குனிஞ்சு பார்க்கிற வரைக்கும் நான் என்ன செஞ்சாலும் வலி திரும்பி வரும்" என்று சொல்லிவிட்டார்.

அப்படித்தான், ப்ளஸ் டூவோடு படிப்பை நிறுத்திய நான், மானிட்டர் வாங்கும் ஆராய்ச்சியில் இறங்கினேன். சீட்டு எடுத்த பணம் கொஞ்சம் கையில் இருந்தது. அதில் முதலில் 5,000 ரூபாயைக் கோட்டை விட்டேன். அந்தக் கதையையும் சொல்கிறேன், நீங்களாவது தப்பித்துக்கொள்ளலாம் அல்லவா?

இந்தக் காலத்து அகலத் திரைகளைப் பார்த்திருப்பீர்கள். பக்கவாட்டில் நீண்டு, இரண்டு ஓரமும் நம்மைப் பார்த்து வளைந்திருக்கும். 'அல்ட்ரா வைட்' என்கிறார்கள். சாதாரணத் திரை 16-க்கு 9 என்ற விகிதம். இது 21-க்கு 9. என் அம்மாவுக்கு இதை விளக்கத் தெரியாமல் விழித்தபோது, அவளே சொன்னாள்: "நம்ம ராஜராஜ சோழன் படம் மாதிரியா?" சரியாகப் பிடித்துவிட்டாள்! 1973-ல் வந்த அந்தப் படம்தான் தமிழின் முதல் சினிமாஸ்கோப். கிட்டத்தட்ட அதே விகிதம்தான் இதுவும். அதனால் சினிமாஸ்கோப் படம் போட்டால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை இல்லாமல் திரை நிறையத் தெரியும். ஆனால் டி.வி. சீரியல் போட்டால் இரண்டு ஓரத்திலும் கறுப்பாக நிற்கும். சீரியலுக்காக யாரும் இதை வாங்க வேண்டாம்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, அங்குலக் கணக்கில் உள்ள ஏமாற்று. மூலைக்கு மூலை குறுக்காக அளந்துதான் 34 அங்குலம், 29 அங்குலம் என்று சொல்கிறார்கள். திரை நீளமாக இருக்கும்போது இந்த எண் நம்மைக் குழப்பிவிடும். 34 அங்குல அகலத் திரையின் உயரம், சாதாரண 27 அங்குலத் திரையின் உயரம்தான். சுமார் 13 அங்குலம். அகலம்தான் கூடுதல், 80 சென்டிமீட்டர் அளவுக்கு வரும். 29 அங்குல அகலத் திரையோ, உயரத்தில் சாதாரண 23 அங்குலத் திரைக்குச் சமம். "29 வாங்கினேன், இத்துனூண்டு இருக்கே" என்று பக்கத்து ஃபிளாட் பெண் அங்கலாய்த்ததன் காரணம் இதுதான். 49 அங்குலம் என்று ஒன்று இருக்கிறது. இரண்டு 27 அங்குலத் திரையை ஒட்டவைத்த மாதிரி, அகலமே நாலு அடிக்குப் பக்கம். அதைக் கடையில் பார்த்ததும் எனக்குக் கல்யாண மண்டப வாசலில் கட்டும் பேனர்தான் ஞாபகம் வந்தது!

கடைக்குப் போகுமுன் வீட்டில் ஒரு வேலை செய்யுங்கள். பழைய செய்தித்தாளை ஒட்டி, 80 சென்டிமீட்டர் அகலம், 34 சென்டிமீட்டர் உயரத்துக்கு வெட்டி, மேஜைக்குப் பின்னால் சுவரில் ஒட்டுங்கள். உட்கார்ந்து பாருங்கள். தையல் டேப்பை எடுத்துக் கண்ணிலிருந்து காகிதம் வரை அளந்து பாருங்கள். கையை நீட்டினால் விரல் நுனி தொடும் தூரம், அதாவது 60, 70 சென்டிமீட்டராவது இருக்க வேண்டும். எங்கள் வீட்டு ஸ்டீல் மேஜை முன்னுக்குப் பின் 18 அங்குலம்தான். மானிட்டரின் கால்கள் வேறு அதில் பாதியை அடைத்துக்கொள்ளும். மூக்குக்கு நேரே திரையை வைத்துக்கொண்டு, ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் பார்க்கத் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தால், கழுத்து வலிக்கு மருந்து வாங்கப் போய் விஷத்தை வாங்கி வந்த கதைதான். கடைசியில் தச்சரை அழைத்து 27 அங்குல ஆழத்தில் ஒரு பலகை போட்டோம். மானிட்டர் அதற்குப் பிறகுதான்.

இப்போது என் 5,000 ரூபாய்க் கதை. எங்கள் பக்கத்தில் ஒரு கடையில், "34 அங்குலம், வளைஞ்ச மாடல், 22,000 ரூபாய்" என்றார்கள். மற்ற இடங்களைவிட மலிவு. "34 தானே?" என்று இரண்டு தடவை கேட்டேன். "ஆமாங்கம்மா" என்றார் கடைப் பையன். பொய் சொல்லவில்லை, 34 தான்! வீட்டுக்கு வந்து மாட்டினால் எழுத்தெல்லாம் கோதுமை ரவையை இறைத்த மாதிரி சொரசொரவென்று தெரிந்தது. இரண்டு மணி நேரத்தில் பெண்ணுக்குக் கண் எரிச்சல்.

சின்னவன் என்ஜினீயரிங் மூன்றாம் வருஷம். அவன்தான் அட்டையைப் படித்துச் சொன்னான். திரை என்பது சின்னச் சின்னப் புள்ளிகளால் ஆனது. அந்த மானிட்டரில் 2560-க்கு 1080 புள்ளி. பெருக்கினால் சுமார் 27 லட்சம். அதே 34 அங்குலத்தில் இன்னொரு ரகம் 3440-க்கு 1440. சுமார் 49 லட்சம் புள்ளி. நம் கோலத்தையே எடுத்துக்கொள்ளுங்களேன். அதே வாசலில் நெருக்கிப் புள்ளி வைத்தால் நுணுக்கமாக வரும், தள்ளித் தள்ளி வைத்தால் கோடு கோணல்தான். முதல் ரகத்தில் ஒரு அங்குலத்துக்கு 82 புள்ளி, இரண்டாவதில் 110. அவள் லேப்டாப்பில் 150-க்கு மேல் பார்த்துப் பழகிய கண்ணுக்கு 82 எப்படிப் பிடிக்கும்?

கடைக்காரர் திரும்ப எடுக்க மாட்டேன் என்று சாதித்தார். "பெட்டி பிரிச்சாச்சு, இனிமே செகண்ட் ஹாண்ட்தான்." நாலு நாள் நடந்து, கடைசியில் 17,000 போட்டு மாற்றிக் கொடுத்தார். அங்கே இருந்த 3440 ரகம் 31,500. வீட்டில் இவர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் சொல்லாதது எனக்கு இன்னும் உறுத்தியது. ஆகவே, அங்குலத்தைக் கேட்காதீர்கள், "3440-க்கு 1440-ஆ?" என்று கேளுங்கள். 29 அங்குலத்துக்கு 2560-க்கு 1080 பரவாயில்லை. 34-க்கு எழுத்து வேலை செய்பவர்கள் அதை வாங்கவே கூடாது என்பது என் தீர்மானம்.

விலையோடு இன்னொன்று. 32 அங்குலத்துக்கு மேற்பட்ட மானிட்டருக்கு முன்பு 28 சதவீத ஜி.எஸ்.டி. இருந்தது. 2025 செப்டம்பர் 22-லிருந்து 18 சதவீதமாகக் குறைத்துவிட்டார்கள். பழைய விலைச் சீட்டை யாராவது நீட்டினால் சும்மா இருக்காதீர்கள்.

அடுத்து வளைவு. 1800ஆர், 1500ஆர், 1000ஆர் என்று போட்டிருக்கும். எண் பெரிதானால் வளைவும் பெரிது என்று நானும் நினைத்தேன். நேர் எதிர்! அது வட்டத்தின் ஆரம், மில்லிமீட்டரில். கிணற்றுச் சுவரில் ஒரு துண்டை வெட்டி எடுத்ததாக வைத்துக்கொள்ளுங்கள். 1000ஆர் என்றால் இரண்டு மீட்டர் குறுக்களவுள்ள வீட்டுக் கிணறு. சுவர் நன்றாக வளைந்திருக்கும். 1800ஆர் என்றால் அதைவிடப் பெரிய தோட்டத்துக் கிணறு, வளைவு லேசு.

இந்த வளைவால் உண்மையில் பயன் உண்டா, வெறும் ஆடம்பரமா? சின்னவனைக் கணக்குப் போடச் சொன்னேன். நடுவில் கண்ணுக்கும் திரைக்கும் 60 சென்டிமீட்டர் என்றால், தட்டையான 34 அங்குலத் திரையில் ஓரம் 72 சென்டிமீட்டர் தள்ளி இருக்கும். 1800ஆர் வளைவில் 68. 1000ஆர் வளைவில் 65. ஆக, 34 அங்குலத்தில் வித்தியாசம் சில விரற்கடைதான். வளைவு இருந்தால் ஓரத்து எழுத்து கொஞ்சம் இதமாகத் தெரியும், இல்லாவிட்டாலும் குடி முழுகிவிடாது. 49 அங்குலத்தில் தட்டையாக இருந்தால் ஓரம் 85 சென்டிமீட்டருக்குப் போய்விடும். அங்கே வளைவு அவசியம். வீட்டு வரைபடம், துணி டிசைன் என்று நேர்கோடு பார்த்து வேலை செய்கிறவர்கள் வளைவைத் தவிர்க்கலாம். கோடு நேரா கோணலா என்ற சந்தேகம் வந்துகொண்டே இருக்குமாம்.

வளைந்த திரை ஒருவர் நடுவில் உட்கார்ந்து பார்ப்பதற்கானது. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் இருவருக்குமே அரைகுறைதான். தலைக்குப் பின்னால் டியூப் லைட் எரிந்தால் திரையில் வெளிச்சம் நீளக் கோடாக இழுபட்டுத் தெரியும். ஜன்னல் பக்கவாட்டில் இருக்கும்படி மேஜையைத் திருப்பிப் போட்டபின் எங்களுக்குச் சரியாயிற்று.

திரைக்குள் இருக்கும் சரக்கிலும் ரகம் உண்டு. ஐ.பி.எஸ். என்பதில் பக்கத்திலிருந்து பார்த்தாலும் நிறம் மாறாது. ஆனால் கறுப்பு கொஞ்சம் சாம்பல் பூத்த மாதிரி இருக்கும். வி.ஏ. என்பதில் கறுப்பு நல்ல கறுப்பு, விலையும் குறைவு. வேகமான விளையாட்டில் இருட்டுக் காட்சிகள் வந்தால் உருவத்துக்குப் பின்னால் ஈஷினாற்போல நிழல் இழுக்கும். ஓலெட் என்பது எல்லாவற்றிலும் உசத்தி, விலையிலும். ஆனால் ஒரே கோடு, ஒரே கட்டம் நாள் முழுக்க நின்றால் அந்தத் தடம் நிரந்தரமாகப் பதிந்துவிட வாய்ப்புண்டு. எட்டு மணி நேரம் கணக்குப் புத்தகம் பார்க்கிறவளுக்கு அது எதற்கு? நாங்கள் வாங்கியது வி.ஏ.

சின்னவனின் கட்சி வேறு. அவனுக்கு ஹெர்ட்ஸ்தான் முக்கியம். படம் ஒரு விநாடிக்கு எத்தனை தடவை புதுப்பிக்கப்படுகிறது என்ற கணக்கு அது. ஆபீஸ் வேலைக்கு 60 போதும். 100 இருந்தால் பக்கத்தை மேலும் கீழும் நகர்த்தும்போது கண்ணுக்குச் சுகம். விளையாட்டுக்கு 144, 165 என்று கேட்கிறார்கள். பிள்ளை கேட்கிறானே என்று வாங்கிக் கொடுக்கப் போகும் அம்மாக்கள் இரண்டு விஷயம் கவனியுங்கள். பழைய திரையில் 20 லட்சம் புள்ளியை நிரப்பிய கம்ப்யூட்டர், இதில் 49 லட்சத்தை நிரப்ப வேண்டும். உள்ளே கிராஃபிக்ஸ் கார்டு சாதாரணமானது என்றால் விளையாட்டு மூச்சு வாங்கும். அடுத்து, "அதுக்கும் ஒரு கார்டு வாங்கித் தா" என்று ஆரம்பிப்பான். இன்னொன்று, பிளேஸ்டேஷன் 5 இந்த அகலத்துக்குப் படம் அனுப்பாது. 16-க்கு 9-தான். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டையோடு விளையாட வேண்டியதுதான். பிளேஸ்டேஷன் மட்டும் வைத்திருக்கும் வீட்டில் அகலத் திரை தண்டம்.

ஒயரைப் பற்றியும் சொல்ல வேண்டும். யு.எஸ்.பி. சி வசதி உள்ள மானிட்டரானால், ஒரே ஒயர் படத்தையும் கொண்டுபோகும், லேப்டாப்பையும் சார்ஜ் செய்யும். தவழும் குழந்தை உள்ள வீட்டில் ஒரு ஒயர் குறைந்தாலே பெரிய நிம்மதி. ஆனால் லேப்டாப்பில் உள்ள எல்லா யு.எஸ்.பி. சி துவாரமும் படம் அனுப்பாது. அதனால் லேப்டாப்பைக் கையோடு கடைக்கு எடுத்துப் போங்கள். பழைய லேப்டாப்பின் எச்.டி.எம்.ஐ. வழியாக இணைத்தால், இத்தனை புள்ளிகளுக்கு 60 ஹெர்ட்ஸ்கூட வராமல் மவுஸ் அம்பு தயங்கித் தயங்கி நகரலாம். கடையிலேயே மாட்டி, வெள்ளை, கறுப்பு, சிவப்பு என்று திரை முழுக்க ஒவ்வொரு நிறமாகப் போட்டு, எங்காவது செத்த புள்ளி நிற்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். நான் புடவை எடுக்கும்போது தறி விட்டிருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி பார்த்தேன். கடைக்காரருக்குப் பொறுமை போயிற்று. போகட்டுமே!

சரி, வாங்கி மாட்டியாயிற்று. வலி போய்விட்டதா? முதல் வாரம் அதிகமாயிற்று! தூக்கிவாரிப் போட்டது எனக்கு. அப்புறம்தான் புரிந்தது, திரை உயரமாக இருந்தது. திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்தில், அல்லது சற்றுக் கீழே இருக்க வேண்டும். என் பெண் ஐந்தடி ஒரு அங்குலம். மானிட்டரின் கால் ஏற்றி இறக்கும் வசதி உள்ளதுதான், ஆனாலும் அடிமட்டம் வரை இறக்கியும் அவளுக்கு உயரம். நாற்காலியை உயர்த்தினோம். கால் தொங்கியது. பரணிலிருந்து பழைய மணைப் பலகையை எடுத்துக் காலுக்கு அடியில் போட்டேன். பாட்டி காலத்து மணை, கம்ப்யூட்டருக்கு உதவிற்று! விலை மலிவான மாடல்களில் சில முன்னும் பின்னும் மட்டும்தான் சாயும், உயரம் மாற்ற முடியாது. நம்மைப் போன்ற குள்ளமான பெண்கள் அவற்றை வாங்காமல் இருப்பதே நல்லது. இரண்டு பார்வைக் கண்ணாடி போடுபவர்களுக்குத் திரை இன்னும் தாழ்வாக வேண்டும். இல்லாவிட்டால் கீழ்க் கண்ணாடி வழியாகப் பார்க்க மோவாயைத் தூக்கித் தூக்கி, அதற்கு வேறு வலி வரும்.

வெளிச்சமும் அப்படித்தான். புது மானிட்டர் கண்ணைக் கூசும் வெளிச்சத்தோடுதான் வருகிறது. திரைக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக் காகிதத்தைப் பிடித்து, இரண்டும் ஒரே வெளுப்பாகத் தெரியும்வரை குறைத்துவிடுங்கள். சாதாரணமாக நிமிஷத்துக்கு 15 தடவை கண் சிமிட்டுகிறோம்; திரையைப் பார்க்கும்போது அது ஐந்து, ஏழு என்று குறைந்துவிடுகிறது. எரிச்சலுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை, 20 அடி தூரத்தில் எதையாவது 20 விநாடி பாருங்கள் என்று கண் டாக்டர்கள் சொல்கிறார்கள். என் பெண் கொல்லை முருங்கை மரத்தைப் பார்க்கிறாள். நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடி என்று தனியாகக் காசு கேட்டார்கள். அமெரிக்கக் கண் மருத்துவ அகாடமியே அதைப் பரிந்துரைப்பதில்லை. நாங்கள் வாங்கவில்லை.

இப்போது பில் இடது பாதியில், லெட்ஜர் வலது பாதியில். மூடித் திறக்கும் வேலை இல்லை. ஆபீஸ் மீட்டிங்கில் முழுத் திரையையும் காட்டினால் மற்றவர்களுக்குக் கோமணம் மாதிரி நீளமாகத்தான் தெரிகிறதாம். அதனால் ஒரு ஜன்னலை மட்டும் காட்டுகிறாள். ஆறு வாரத்தில் தலைவலி நின்றது. கழுத்து வலி முக்கால்வாசி குறைந்திருக்கிறது. பயிற்சியை ஒரு வாரம் விட்டால் மறுபடி எட்டிப் பார்க்கிறது. ராஜினாமாப் பேச்சை எடுப்பதில்லை. கடிதம், இரண்டொரு கணக்கு என்று சின்ன வேலை மட்டும் இருப்பவர்களுக்கு இவ்வளவு செலவு தேவையில்லை. சாதாரண 27 அங்குலமே போதும். பாதி விலையில் முடிந்துவிடும்.

மின்சாரம் அதிகம் இழுக்குமோ என்று இவர் கவலைப்பட்டார். 50 வாட் என்று வைத்துக்கொண்டாலும், தினம் எட்டு மணி, மாதம் 25 நாள் என்றால் 10 யூனிட். இரண்டு மாத பில்லுக்கு 20. மிக்ஸி, கிரைண்டரோடு அதுவும் ஒரு ஓரமாக இருந்துவிட்டுப் போகிறது.

துடைக்கும்போது ஜாக்கிரதை. புடவைத் தலைப்பு, ஜன்னல் கண்ணாடிக்குத் தெளிக்கும் மருந்து இரண்டும் கூடாது. அணைத்துவிட்டு, மெல்லிய பருத்தித் துணியை லேசாக நனைத்து, அழுத்தாமல் துடைக்க வேண்டும். ஒயர்களை மேஜைக் காலோடு சேர்த்துக் கட்டிவிட்டேன். பாப்பா இப்போது பிடித்துக்கொண்டு நிற்க ஆரம்பித்திருக்கிறாள், கைக்கு அகப்பட்டதை எல்லாம் இழுக்கிறாள்.

பெட்டியையும் தெர்மோகோலையும் எறிந்துவிடாதீர்கள். இதற்கு மூன்று வருஷ உத்தரவாதம். பழுது என்றால் அந்த அகலத்துக்கு வேறு பெட்டி கிடைக்காது. எங்கள் வீட்டில் மணைப் பலகை இருந்த இடத்தில், பரண் மேல், இப்போது அந்தப் பெட்டிதான் இருக்கிறது.